கரும்பு ஏறாத மேட்டில்: கரீபியத் தோட்டங்களில் அடிமைகளின் சமூக வாழ்வும் பண்பாடும்

எட்வர்ட் லாங் ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர், நீதிபதியாகவும் இருந்தவர். கறுப்பின மக்களை மனிதரோடு சேர்த்து எண்ணவே அவருக்கு மனமில்லை. 1774இல் வெளிவந்த அவருடைய ஜமைக்கா வரலாற்றில் அந்த வெறுப்பு பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது. அதே நூலில் அவர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டுகிறார். தீவில் கைமாறும் நாணயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளிடம் இருக்கிறதாம். சட்டத்தின் கண்ணில் மாடு, ஆலை, செப்புக் கொப்பரை ஆகியவற்றோடு பட்டியலில் எழுதப்பட்ட மனிதர்கள் அவர்கள். அவர்கள் கையில் காசு எப்படி வந்தது? எதை விற்றார்கள், எங்கே விளைவித்தார்கள், எந்த நேரத்தில்? கரீபிய அடிமைகளின் பண்பாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மேளத்திலிருந்தோ மந்திரத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். லாங்கின் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். மேளத்துக்கும் மந்திரத்துக்கும் கீழே நிலமும் நேரமும் இருந்தன.

இந்தத் துறையில் நெடுங்காலமாக ஒரு வழக்கு நடக்கிறது. ஜமைக்காவில் பிறந்த சமூகவியலாளர் ஆர்லாண்டோ பேட்டர்சன், அடிமை என்பவர் சமூக அளவில் செத்தவர் என்று 1982இல் எழுதினார். முன்னோரும் இல்லை, வாரிசும் இல்லை, ஊரார் மதிக்கும் உறவும் இல்லை. எல்லாம் எஜமானின் விருப்பம். பார்படோஸின் கவிஞரும் வரலாற்றாசிரியருமான கமாவ் பிராத்வெயிட் அதற்கு முன்பே, 1971இல், வேறொரு படத்தைத் தீட்டியிருந்தார். ஆப்பிரிக்கரும் ஐரோப்பியரும் ஒருவரை ஒருவர் உரசி, கலந்து, இரண்டுமல்லாத புதிய சமூகம் ஒன்று அங்கே உருவானது என்பது அவர் கட்சி. அமெரிக்க மானுடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து அழியாமல் வந்தவை எவை என்று தேடினார். சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் பிரைஸும் 1970களில் அதை மறுத்தார்கள்: கப்பலில் வந்தவர்கள் பல நாட்டுக் கூட்டம், முழுப் பண்பாட்டையும் யாரும் சுமந்து வர முடியாது, வந்த இடத்தில் சேர்ந்து புதிதாகக் கட்டினார்கள். வின்சென்ட் பிரவுன் 2008இல் ஜமைக்காவின் சாவுகளைப் பற்றி எழுதிய நூலில், சாவுச் சடங்கே அந்த மக்களுடைய அரசியலின் களம் என்று காட்டினார். ஒவ்வொருவர் கையிலும் வலுவான சான்று இருக்கிறது. எந்தத் தீவு, எந்த ஆண்டு, எந்தப் பயிர் என்று கேட்டுவிட்டுப் பேசினால் வழக்கின் பாதி சூடு தணிந்துவிடும்.

முதலில் சாவு. ஜமைக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் வேறு இடங்களுக்கு மறுபடி ஏற்றி அனுப்பப்பட்டார்கள். 1834இல் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தத் தீவில் மிஞ்சியிருந்த அடிமைகள் சுமார் 3,11,000 பேர். இதோடு ஒப்பிட, வட அமெரிக்காவுக்கு நேரே கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. 1860இல் அங்கே அடிமைகளின் தொகை ஏறக்குறைய 40 லட்சம். வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் கரும்பு. குழி வெட்டுவது, எருக் கூடை சுமப்பது, வெட்டுக் காலத்தில் இரவு பகலாக ஆலையில் நிற்பது. உருளைகளுக்கு அருகே ஒரு கோடரி எப்போதும் தயாராக வைக்கப்பட்டிருந்தது; தூக்கக் கலக்கத்தில் கை சிக்கினால் ஆலையை நிறுத்துவதைவிடக் கையை வெட்டுவது விரைவு. வேலைக்காரர்களை மூன்று கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். களை பிடுங்கும் மூன்றாம் கூட்டத்தில் ஐந்தாறு வயதுக் குழந்தைகள் இருந்தார்கள். முதல் கூட்டத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல தோட்டங்களில், ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆண்களில் சிலர் தச்சு, கொல்லு, பீப்பாய் கட்டுதல், பாகு காய்ச்சுதல் ஆகிய தொழில்களுக்குப் போக முடிந்தது, பெண்களுக்கு மண்வெட்டிதான். சவுக்கோடு பின்னால் நின்ற கங்காணியும் ஓர் அடிமையே. இந்தப் பின்புலத்தை மறந்துவிட்டு இவர்களுடைய பாட்டையும் கூத்தையும் ரசிப்பது நேர்மையாகாது.

கரும்பு ஏறாத நிலம் என்று ஒன்று ஜமைக்காவில் நிறைய இருந்தது. மலைச்சரிவு, பாறை மேடு, தோட்டத்தின் ஓரக்காடு. துரைமார் அந்த நிலத்தைத் துண்டு போட்டு அடிமைகளிடம் விட்டார்கள். இரக்கத்தால் அல்ல, உணவு வாங்கிப் போடும் செலவு மிச்சம். வட அமெரிக்காவிலிருந்து வரும் உப்பு மீன் கொஞ்சம், ஆண்டுக்குச் சில முழம் முரட்டுத் துணி, அவ்வளவுதான் தோட்டம் தந்தது. மற்றதை அவரவரே விளைவித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கிடைத்த நேரம் ஞாயிற்றுக்கிழமையும், ஆலை ஓடாத மாதங்களில் இரு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமையும். சில தோட்டங்களில் அந்த நிலம் குடிசையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி இருந்தது. ஆறு நாள் கரும்பில் முறிந்த உடம்பு ஏழாம் நாள் மலையேறியது.

அங்கே அவர்கள் வைத்த பயிர்களைப் பார்த்தால் மூன்று கண்டங்களும் தெரியும். பெருவள்ளிக்கிழங்கும் வெண்டையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகள் வளர்த்தவை. வாழை ஆசியாவில் தொடங்கி ஆப்பிரிக்கா சுற்றி வந்தது. பல பயிர்களை ஒரே குழிமேட்டில் அடுக்கடுக்காக நட்டார்கள். ஒன்று போனால் இன்னொன்று காக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கி மரம் 1778 வாக்கில் ஜமைக்காவுக்கு வந்தது. அதன் பழத்தை உப்பு மீனோடு சேர்த்துச் சமைப்பதுதான் இன்று அந்த நாட்டின் தேசிய உணவு. இதற்கு நேர்மாறான கதை சீமைப்பலாவுடையது. மலிவான அடிமை உணவு என்று நினைத்து அரசே கப்பல் அனுப்பி, வில்லியம் பிளை தலைமையில் பசிபிக் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்தது. பவுண்ட்டி கப்பலில் கலகம் வெடித்து முதல் முயற்சி கெட்டது. 1793இல் இரண்டாம் முயற்சியில் கன்றுகள் வந்து சேர்ந்தன. அடிமைகள் அதை நெடுநாள் சீண்டவில்லை. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் அவர்கள் கையாண்ட நிலம் இருந்தது.

விளைந்ததில் மிஞ்சியது சந்தைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ்டனுக்கோ மான்டிகோ பேவுக்கோ தலைச்சுமையோடு நடந்துபோன ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிழங்கு, கோழி, முட்டை, தேங்காய், கூடை, பாய், சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்த மண்சட்டி. வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைகளும் இவர்கள் கொண்டுவந்ததை நம்பியே இருந்தன. சந்தையில் பண்டம் மட்டும் கைமாறவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு விற்கப்பட்ட தங்கையைப் பார்ப்பதும், ஓடிப்போனவனைப் பற்றிய செய்தியும், கப்பலில் வந்த புதுச் சேதியும் அங்கேதான். 1831இல் ஆன்டிகுவாவின் சட்டமன்றம், ஓய்வுநாள் புனிதம் என்று சொல்லி ஞாயிறு சந்தையை நிறுத்தியது. பதிலுக்கு வேறொரு நாள் விடுமுறை தரவில்லை. அடிமைகள் கொதித்தெழுந்தார்கள், கரும்புக் காடுகள் பல இடங்களில் தீப்பற்றின. ஒரு சந்தை நாளுக்காக உயிரைப் பணயம் வைத்தார்கள் என்றால், அந்த நாள் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சிறு வணிகத்தின் உள்ளோட்டத்தை நமக்கு நெருக்கமாகக் காட்டுகிறவர் ஒலாடா எக்வியானோ. 1760களில் அவர் மான்ட்செராட் தீவின் வணிகர் ஒருவருக்கு அடிமை. தீவு தீவாகப் போகும் சரக்குத் தோணியில் வேலை. கையில் மூன்று பென்ஸ் இருந்தது. டச்சுக்காரர்களின் செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவில் அதற்கு ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கி, மான்ட்செராட்டில் ஆறு பென்ஸுக்கு விற்றார். அடுத்த முறை இரண்டு டம்ளர். இப்படியே பல ஆண்டுகள் சேர்த்து 1766இல் 40 ஸ்டெர்லிங் பவுண்டு கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். இடையில் செயின்ட் குரோய் தீவில் அவரும் கூட்டாளியும் விற்கக் கொண்டுபோன எலுமிச்சை, ஆரஞ்சு மூட்டைகளை வெள்ளையர் சிலர் பிடுங்கிக்கொண்டார்கள். முறையிடப் போன இடத்தில் கிடைத்தது ஏச்சும் சவுக்கு மிரட்டலும். அடிமையின் உடைமைக்குச் சட்டம் இல்லை. வழக்கம் மட்டுமே இருந்தது. வெள்ளையன் நினைத்தால் அந்த வழக்கமும் ஒரு நொடியில் காணாமல் போகும். பெர்முடாவில் பிறந்து ஆன்டிகுவாவில் உழைத்த மேரி பிரின்ஸும் இதே போல்தான். எஜமான் ஊரில் இல்லாத நாள்களில் துணி வெளுத்தார், கப்பல்காரர்களுக்குக் காப்பியும் கிழங்கும் விற்றார், கப்பலில் மலிவாக ஒரு பன்றியை வாங்கிக் கரையில் இரட்டிப்பு விலைக்குத் தள்ளினார். சேர்த்த பணத்தைக் கொண்டு விடுதலை கேட்டபோது எஜமான் மறுத்துவிட்டார். 1831இல் லண்டனில் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு, பிரிட்டனில் அச்சேறிய கறுப்பினப் பெண் ஒருத்தியின் முதல் தன்வரலாறு. அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, இன்னொருவர் திருத்தியது. ஆனாலும் அந்தப் பன்றி வியாபாரத்தின் கணக்கை மேரியைத் தவிர யாரும் சொல்லியிருக்க முடியாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. விளைநிலத்தைப் பற்றிப் பேசும்போது, அது அடிமைத்தனத்துக்குள் கிடைத்த சின்னச் சுதந்திரம் என்று நிறுத்திக்கொள்ளும் போக்கு ஆய்வாளர்களிடம் உண்டு. 1780க்கும் 1786க்கும் இடையே ஜமைக்காவை அடுத்தடுத்துச் சூறாவளிகள் தாக்கின. அமெரிக்க விடுதலைப் போரால் அங்கிருந்து வந்த உப்பு மீனும் சோளமும் நின்றுபோயிருந்தன. வாழை சாய்ந்தது, கிழங்கு அழுகியது. அந்த ஆண்டுகளில் சுமார் 15,000 அடிமைகள் பசியாலும் பசி கொண்டுவந்த நோயாலும் இறந்தார்கள் என்று ஜமைக்கா சட்டமன்றக் குழுவே ஒப்புக்கொண்டது. உன் சோற்றை நீயே விளைத்துக்கொள் என்ற ஏற்பாட்டின் மறுபக்கம் இது. நிலம் அவர்களுக்கு வாழ்வைக் கொடுத்தது. பட்டினிக்கான பொறுப்பிலிருந்து துரையை விடுவிக்கவும் செய்தது.

எல்லாத் தீவிலும் இந்த ஏற்பாடு ஒன்றுபோல் இல்லை. பார்படோஸ் சமதரை; கரும்பு ஏறாத இடமே குறைவு. அங்கே சோளமும் மீனும் அளந்து போட்டார்கள். அடிமைகளுக்குக் குடிசையை ஒட்டிய கொல்லைதான் மிச்சம். பிரெஞ்சுத் தீவுகளில் 1685இன் கறுப்புச் சட்டம், வாரத்துக்கு இவ்வளவு மரவள்ளி மாவு, இவ்வளவு உப்பிறைச்சி அல்லது மீன் என்று விதித்தது. உணவுக்குப் பதிலாகச் சனிக்கிழமையை விட்டுவிடக் கூடாது என்றும் தடுத்தது. துரைமார் அதைக் காற்றில் பறக்கவிட்டார்கள். கியூபாவில் 19ஆம் நூற்றாண்டில் பெரிய தோட்டங்கள் அடிமைகளை ஒரே வாசல் உள்ள லயங்களில் இரவில் பூட்டி வைத்தன. அங்கிருந்து தப்பியோடிக் காட்டில் வாழ்ந்த எஸ்தெபான் மோந்தெஹோவின் நினைவுகளை மிகெல் பார்னெட் 1966இல் நூலாக்கினார். லயத்தின் பின்னால் இருந்த சின்னஞ்சிறு கொல்லைகள்தாம் பலரைச் சாகாமல் காத்தன என்பது அந்த முதியவரின் நினைவு. பூட்டிய லயத்தில்கூட அந்த ஒரு சாண் மண் இருந்திருக்கிறது.

குடும்பத்துக்கு வருவோம். அடிமைகளிடம் குடும்பமே இல்லை, ஒழுங்கற்ற சேர்க்கை மட்டுமே என்று துரைமார் எழுதினார்கள். மிஷனரிகளில் பலரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பாரி ஹிக்மன் மேற்கு ஜமைக்காவின் மான்ட்பெலியர் தோட்டத்து 1825 ஆவணத்தை வீடு வீடாக எண்ணிப் பார்த்தார். ஆண், பெண், அவள் பிள்ளைகள் என்று சேர்ந்து வாழ்ந்த வீடுகளே அங்கே மேலோங்கி இருந்தன. ஒரு தோட்டத்தில் மனைவி, இன்னொன்றில் கணவன் என்று இருந்தவர்களும் ஏராளம். இரவில் பல மைல் நடந்துபோய் விடியலுக்குள் திரும்பி வந்து வரிசையில் நின்ற ஆண்களைப் பற்றித் தோட்டக் குறிப்புகளிலேயே படிக்கலாம். ரத்த உறவு அறுந்து வந்தவர்கள் புதிய உறவைக் கண்டுபிடித்தார்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கப்பல் தோழர். அந்த உறவு உடன்பிறப்புக்குச் சமம். அவர்களுக்குள் உடலுறவு கூடாது, ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் மாமனும் அத்தையும். ஜமைக்கா, சூரினாம், ஹைதி, டிரினிடாட் என்று எல்லா இடத்திலும் இந்த உறவுக்கு ஒரு பெயர் இருந்தது.

பிறந்த குழந்தையை ஒன்பது நாள் கழியும்வரை இந்த உலகத்தைச் சேர்ந்ததாகவே அவர்கள் எண்ணவில்லை. வாய்ப்பூட்டு நோய் அந்த ஒன்பது நாளுக்குள்தான் பெரும்பாலான குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனது. நாவலாசிரியர் மேத்யூ லூயிஸ் 1816இல் தன் ஜமைக்காத் தோட்டத்தைப் பார்க்கப் போனபோது மருத்துவச்சியிடம் இதைக் கேட்டு எழுதி வைத்தார். தங்கிய குழந்தையின் தொப்புள்கொடியைப் புதைத்த இடத்தில் ஒரு மரக்கன்றை நட்டார்கள். அது அந்தக் குழந்தையின் மரம். குடிசைகள் வரிச்சு கட்டி மண் பூசி ஓலை வேய்ந்தவை, ஓரிரு அறைகள். சமையல், பேச்சு, கதை எல்லாம் முற்றத்தில். இறந்தவரையும் பலர் முற்றத்திலேயே புதைத்தார்கள். வடக்கு ஜமைக்காவின் செவில் தோட்டத்தில் அகழ்ந்தவர்கள் குடிசை முற்றங்களில் அப்படிப்பட்ட கல்லறைகளைக் கண்டார்கள். மரமும் கல்லறையும் இருக்கிற மண்ணை, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், தங்கள் மண் என்றே நினைத்தார்கள். விளைநிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றார்கள். அந்த உரிமையில் துரைமாரே கைவைக்கவில்லை என்று 1793இல் பிரயன் எட்வர்ட்ஸ் எழுதினார். அவரும் தோட்ட உரிமையாளர்தான், அடிமை வணிகத்தை ஆதரித்துப் பேசியவர்தான்.

சாவைப் பற்றி நாம் அறிந்ததில் மிக நெருக்கமான சான்று பார்படோஸின் நியூட்டன் தோட்டத்திலிருந்து வருகிறது. 1970களில் ஜெரோம் ஹேண்ட்லரும் ஃபிரெட்ரிக் லாங்கும் அங்கே அடிமைகளின் இடுகாட்டை அகழ்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. பலரின் பற்களில் சிறுவயதுப் பட்டினியின் வரிகள். 72 என்று எண்ணிட்ட குழியில் ஒரு முதியவர். கையில் உலோகக் காப்புகள், ஒரு கத்தி, ஆப்பிரிக்க வகைச் சுடுமண் புகைக்குழாய், கழுத்தில் ஓர் ஆரம். ஆரத்தில் சோழிகள், நாயின் கோரைப்பற்கள், மீனின் முதுகெலும்புத் துண்டுகள், கண்ணாடி மணிகள், நடுவே நீண்ட சூதுபவள மணி ஒன்று. அந்த மணி குஜராத்தின் காம்பே பக்கம் செய்யப்பட்டது என்று கருதுகிறார்கள். அவர் வைத்தியரோ மந்திரவாதியோ ஆக இருந்திருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் ஊகம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடக்கம் செய்தவர்களின் செயல். விற்றால் காசாகும் பொருள்களை, ஒன்றுமில்லாதவர்கள், ஒரு கிழவருக்காக மண்ணுக்குள் விட்டார்கள். சமூக அளவில் செத்தவர் என்ற சொல்லை இந்தக் குழிக்கு அருகே வைத்துப் பார்க்கும்போது அது பொருந்தவில்லை. எஜமான் எப்படிப் பார்த்தான் என்பதற்கு அது சரியான பெயர். அந்த முதியவரின் கூட்டத்தார் அவரை அப்படிப் பார்க்கவில்லை.

ஜமைக்காவில் பிணத்தைத் தூக்கிச் செல்கிறவர்கள் ஒரு வீட்டு வாசலில் நகராமல் நிற்பார்கள். சாவுக்குக் காரணமானவர் அங்கே இருக்கிறார் என்று பிணம் சொல்கிறது. இறந்த ஆவி கடல் தாண்டிச் சொந்த நாட்டுக்குத் திரும்பும் என்ற நம்பிக்கை ஆழமாக இருந்தது. தற்கொலை செய்துகொண்டவர்களின் தலையை வெட்டிக் கம்பத்தில் ஏற்றினார்கள் துரைமார், முண்டமாக ஊர் திரும்ப முடியாது என்று மற்றவர்களை அச்சுறுத்த. அடிமைகளின் நம்பிக்கையை அவர்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கற்றிருந்தார்கள் என்பதற்கு இந்தக் கொடூரமே சாட்சி. 1760இல் டாக்கி தலைமையில் ஜமைக்கா அடிமைகள் எழுந்தபோது, குண்டு துளைக்காது என்று மந்திரித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த எழுச்சியை அடக்கிய கையோடு, ஒபியா என்று அழைக்கப்பட்ட அந்த மந்திர மருத்துவத்துக்கு மரண தண்டனை வரை விதித்துச் சட்டம் வந்தது. ஒபியாவுக்கு எதிர்வினையாகவும் துணையாகவும் மயால் என்ற கூட்டு வழிபாடு வளர்ந்தது. பின்னாளில் ஹைதி ஆன செயின்ட் டோமிங்கில் அடிமைகள் கட்டாயமாகக் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆப்பிரிக்கத் தெய்வங்கள் புனிதர்களின் படங்களுக்குள் குடியேறின. அந்த வோடு வழிபாட்டில்தான் 1791 ஆகஸ்டில் எழுச்சிக்கான சபதம் எடுக்கப்பட்டது என்பது ஹைதி மக்களின் நினைவு.

கிறிஸ்தவமும் அடிமைகளின் கைக்கு வந்தபோது உருமாறியது. ஜார்ஜியாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஜார்ஜ் லைல், 1783இல் ஜமைக்கா வந்து பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரிகள் அதன் பிறகுதான் வந்தார்கள். அரை நூற்றாண்டுக்குள் அந்தச் சபையின் ஜெபக்கூட்டங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் செய்தி கொண்டுபோகும் வலையாகிவிட்டன. உபதேசியார் சாம் ஷார்ப் அந்த வலையைக் கொண்டு 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் வேலைக்குப் போகக் கூடாது, கூலி வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் எரிந்தது. முடிவில் 300க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். ஷார்ப்பை 1832 மே மாதம் மான்டிகோ பே சந்தைச் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றியது.

இசையைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று தற்செயலானது. மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் இருந்தார். அடிமைகளின் விழா ஒன்றில் கேட்ட பாட்டுகளைக் குறித்துத் தரும்படி பாத்தீஸ்த் என்ற இசைக்கலைஞரிடம் கேட்டுக்கொண்டார். அங்கோலா, பாப்பா, கோரமன்டி என்று மூன்று தலைப்புகளில் அந்தச் சுரக்குறிப்புகள் 1707இல் அச்சேறின. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி நரம்பு கட்டிய வாத்தியங்களின் படமும் கூடவே இருக்கிறது. பாஞ்சோவின் மூதாதை அது. மூன்று நாட்டுப் பாட்டு ஒரே முற்றத்தில் ஒலித்திருக்கிறது. ஆப்பிரிக்கத் தன்மை நீடித்ததா, புதுமை பிறந்ததா என்று வழக்காடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை இரு தரப்புக்கும் சான்றாகக் காட்டலாம். பாட்டுகள் பிரிந்து நின்றன, பாடியவர்கள் சேர்ந்து நின்றார்கள். அதே நூலில் ஸ்லோன் அடிமைகளை உயிரோடு எரித்த தண்டனையையும் பதற்றமில்லாத நடையில் பதிந்திருக்கிறார்.

ஆட்சியாளர்களுக்கு மேளத்தின் மேல் பயம் இருந்தது. பார்படோஸின் 1688ஆம் ஆண்டுச் சட்டம், குடிசைகளைச் சோதித்து முரசும் ஊதுகொம்பும் கிடைத்தால் எரிக்கச் சொன்னது. அந்தப் பயம் வீணானதும் அல்ல. ஆன்டிகுவாவில் 1736 அக்டோபரில், மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்களிடையே தலைவராக மதிக்கப்பட்ட கோர்ட் என்பவர் பட்டப்பகலில் கேடய நடனம் ஒன்றை ஆடினார். வேடிக்கை பார்த்த வெள்ளையர்களுக்கு அது கூத்து. அகான் மக்களுக்கு அது அரசன் போருக்குமுன் ஆடும் ஆட்டம். கூடிநின்றவர்கள் அவரோடு நிற்பதாக உறுதி கூறும் சடங்கு. எழுச்சிக்கான சதி வெளிப்பட்டபின் 88 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 77 பேரை உயிரோடு எரித்தார்கள். கிறிஸ்துமஸ் நாள்களில் ஜமைக்காவில் ஆடிய ஜொங்கொனு கூத்துக்கு இவ்வளவு கூர்மை இல்லை. தலையில் வீடோ கப்பலோ சுமந்த முகமூடிக்காரன், மாட்டுக்கொம்பு வேடம், வண்ணத்துக்கு ஒரு கூட்டமாகப் பாடிவரும் பெண்கள். கிங்ஸ்டன் ஓவியர் ஐசக் மென்டஸ் பெலிசாரியோ 1837இல் அவர்களை அச்சோவியமாக வரைந்தார். வேடக்காரர்கள் துரையின் பங்களாவுக்குள்ளேயே நுழைந்து ஆடினார்கள், பரிசும் பெற்றார்கள். மூன்று நாள் கூத்துக்கு இடம்கொடுத்து ஆண்டு முழுவதும் அடக்கி வைத்தார்கள் என்று சிலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். சாம் ஷார்ப் தன் நாளைத் தேர்ந்தெடுத்தது அதே விடுமுறையின் முடிவில்தான் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

உடை விஷயத்தில் நம் கரைக்கும் ஒரு பங்குண்டு, பெருமைப்பட முடியாத பங்கு. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த பொருள்களில் இந்தியப் பருத்தித் துணி முன்வரிசையில் இருந்தது. சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்ததும் அதில் உண்டு. கடல் தாண்டிய பின் அதே கரையின் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி, மார்ட்டினிக், குவாடலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா பெண்களின் தலைக்கட்டாயிற்று. தோட்டம் கொடுத்த முரட்டுத் துணி வாரநாளுக்கு; சந்தைக் காசில் வாங்கிய மெட்ராஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு. அகஸ்டினோ புருனியாஸ் 1770களிலும் 80களிலும் டொமினிக்காவின் துணிச் சந்தையை வரைந்த ஓவியங்களில் அந்தத் தலைக்கட்டுகளைப் பார்க்கலாம். தோட்டத்தின் கொடுமை எதுவும் அந்த ஓவியங்களில் இல்லை. நில உரிமையாளர்களுக்காக வரைந்தவர் அவர். இன்று அந்தத் தீவுகளில் மெட்ராஸ் தேசிய உடையின் துணி.

பெண்களின் நிலையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது, சொல்வதும் எளிதல்ல. தாமஸ் திசில்வுட் என்ற மேற்பார்வையாளர் ஜமைக்காவில் 1750 முதல் 1786 வரை நாள் தவறாமல் குறிப்பு எழுதினார். அடித்த அடி, இட்ட விலங்கு, வாயில் மலத்தைத் திணித்த தண்டனை, தான் வன்முறைக்குள்ளாக்கிய பெண்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அப்பெண்களின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டும். அதே ஏடுகளில் ஃபிபா என்ற அடிமைப் பெண்ணும் இருக்கிறாள். முப்பது ஆண்டுக்கு மேல் அவரோடு வாழ்ந்தவள், அவருக்கு ஒரு மகனைப் பெற்றவள். தைத்தாள், துணி விற்றாள், பன்றி வளர்த்தாள், அவருக்கே கடன் கொடுத்தாள். 1757இல் அவர் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போனபோது தன் தங்க மோதிரத்தைக் கொடுத்தனுப்பினாள். அன்பா, தந்திரமா, பாதுகாப்புக்கு அவள் கட்டிய விலையா? ஏட்டில் அவள் குரல் இல்லை. அவர் குரல் மட்டுமே இருக்கிறது. இதை அன்பு என்று எழுதிவிடும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறுக்க முடியாத இடத்தில் நிற்கிறவளின் சம்மதத்தை எதைக் கொண்டு அளப்பது? அவள் திறமையை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: மகனுக்கு 1762இலேயே விடுதலை கிடைத்தது, அவளுக்கும் அவர் உயிலின்படி கிடைத்தது.

பிரிட்டிஷ் தீவுகளில் பெரும்பாலானவற்றில் 1838 ஆகஸ்ட் 1 அன்று முழு விடுதலை வந்தது. உரிமையாளர்களுக்கு நஷ்ட ஈடு 2 கோடி பவுண்டு; அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னியும் இல்லை. துரைமார் உடனே செய்த காரியம், குடிசைக்கும் விளைநிலத்துக்கும் வாடகை கேட்டது. வேலைக்கு வராவிட்டால் வெளியேற்று, மரத்தை வெட்டு. முன்னோரின் கல்லறையும் பிள்ளைகளின் மரமும் இருந்த மண்ணுக்கு வாடகை. ஆயிரக்கணக்கானவர்கள் தோட்டத்தை விட்டுப் போய், பாப்டிஸ்ட் சபைகளின் துணையோடு மலைப்பகுதிகளில் நிலம் வாங்கிச் சுதந்திரக் கிராமங்களை அமைத்தார்கள். நிலத்தை வாங்கும் காசு சந்தையிலிருந்து வந்தது; உழும் அறிவு ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து வந்தது. வாங்கிய நிலத்தைப் பிரிக்காமல், விற்காமல், பரம்பரை முழுவதற்கும் பொதுவாக வைத்தார்கள். அந்தக் குடும்ப நில வழக்கம் இன்றும் ஜமைக்காவில் உண்டு. காலியான லயங்களுக்குத் துரைமார் வேறு ஆள் தேடினார்கள். 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கல்கத்தாவிலிருந்தும், 1853இல் மார்ட்டினிக்குக்கும் 1854இல் குவாடலூப்புக்கும் பிரெஞ்சிந்தியத் துறைமுகங்களிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் நிறைய.

1865 அக்டோபரில் கிழக்கு ஜமைக்காவின் மோரன்ட் பே நீதிமன்றத்தில் ஒரு சின்ன வழக்கு வந்தது. கைவிடப்பட்ட தோட்ட நிலத்தில் அத்துமீறிப் புகுந்ததாக ஒருவர்மேல் குற்றச்சாட்டு. அவருக்காக ஸ்டோனி கட் கிராமத்திலிருந்து ஊர் திரண்டு வந்தது; முன்னால் வந்தவர் பாப்டிஸ்ட் உபதேசியாரான பால் போகிள். சில நாள்களில் அது கிளர்ச்சியாக வெடித்தது. ஆளுநர் எட்வர்ட் ஐர் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். 439 பேர் கொல்லப்பட்டார்கள், 600 பேருக்கு மேல் சவுக்கடி பெற்றார்கள், ஆயிரம் வீடுகள் எரிக்கப்பட்டன. போகிள் அதே மாதம் தூக்கிலிடப்பட்டார். அடிமைத்தனம் முடிந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரார் கேட்டது, கரும்பு கைவிட்ட நிலத்தில் கிழங்கு வைக்கும் உரிமை.